திப்புவின் வாளும் பாயம்மாவின் தமிழும்



பழைய தூர்தர்ஷன் தொடர்கள் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் 'ராமாயணம்', 'மகாபாரதம்' என்று ஆரம்பித்து அதோடு முடித்து விடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை. 'தி ஸ்வார்டு ஆப் திப்பு சுல்தான்' என்று ஒரு தொடர் வந்ததே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? யுத்தம், குதிரை, கோட்டை, சூழ்ச்சி, துரோகம் என்று வாரா வாரம் நம்மை நாற்காலி நுனிக்கு இழுத்து வந்த தொடர் அது. வேலூரில் பிறந்து, வேலூரிலேயே வாழ்க்கைப்பட்ட நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

1990 பிப்ரவரியில் ஆரம்பித்து 1991 ஏப்ரல் வரை ஓடியது. மொத்தம் 60 பகுதிகள். பகவான் கித்வானி என்பவர் 1976-ல் எழுதிய ஆங்கில நாவல்தான் மூலக்கதை. சஞ்சய் கான் திப்புவாக நடித்தார். ஹைதர் அலியாக வந்தவர் ஷாபாஸ் கான். 'ராமாயண'த்தில் சீதையாக வந்து நம் வீட்டுப் பெரியவர்களைக் கையெடுத்துக் கும்பிட வைத்த தீபிகாவும் இதில் நடித்தார். பின்னணி இசை, பழம்பெரும் இசையமைப்பாளர் நௌஷாத்.

தொடர் முடிந்தபோது எனக்கு நாலு வயசு. அதனால் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான். பாதி அம்மா சொன்னது, பாதி அக்கா சொன்னது. அக்கா அப்போது எட்டாவது படித்துக் கொண்டிருந்தாள். அவளிடம் இன்றைக்குக் கேட்டாலும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வாள்.

எங்கள் வீட்டில் பிளாக் அண்ட் ஒயிட் டிவி. இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த பெட்டி. தெருவில் அப்போது மூன்று வீட்டில்தான் டிவி இருந்தது. திப்பு சுல்தான் போடும் நேரம் வந்தால் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வந்தவர்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு பாயம்மா.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து சகோதரிகளுக்குத் தெரியும், இங்கே உருது பேசும் குடும்பங்கள் நிறைய. அந்தத் தொடரில் பேசியது பாதி உருது மாதிரிதான் இருக்கும். அதனால் பாயம்மாவுக்கு மட்டும் நாற்காலி. மற்ற எல்லோரும் பாய் விரித்து உட்கார வேண்டும். அவர்கள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்!

ஆனால் அந்த மொழிபெயர்ப்பு ஒரு தினுசு. திரையில் ஐந்து நிமிஷம் பேசுவார்கள். பாயம்மா வாயைத் திறக்க மாட்டார்கள். "என்ன சொல்றாங்க பாயம்மா?" என்று அம்மா கேட்டால், "இரும்மா, முக்கியமான கட்டம்" என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "வெள்ளைக்காரன் ஏமாத்துறான், இவரு நம்பிட்டாரு" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். சோகக் காட்சி என்றால் சொல்லவே மாட்டார்கள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைப்பார்கள். அதைப் பார்த்து நாங்களும் அழுவோம். "அவங்க தமிழ்ல சொல்றதைவிட அவங்க முகத்தைப் பார்த்தாலே கதை புரிஞ்சிடும்டி" என்று அம்மா சொல்வார்.

தொடர் நடந்த காலத்தில் இரண்டு ரம்ஜான் வந்தது. இரண்டு ரம்ஜானுக்கும் பாயம்மா வீட்டு நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பொங்கல் அந்த வீட்டுக்குப் போனது. இதில் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாத் தெருவிலும் நடந்ததுதானே என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் சொல்லத் தோன்றியது.

மறுநாள் தெருவில் தென்னை மட்டைதான் வாள். எல்லாப் பிள்ளைகளும் திப்புவாகத்தான் இருப்பார்களாம். வெள்ளைக்காரனாக இருக்க ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னவளான என்னைப் பிடித்து காரன்வாலிஸ் பிரபு ஆக்கி விடுவார்களாம். அடி வாங்கி அழுதுகொண்டு வீட்டுக்கு வருவேனாம். அக்கா இதை என் கல்யாண வீட்டில் கூட சொல்லிச் சிரித்தாள்!

சில வருஷம் முன்பு அந்தத் தொடர் செல்போனில் பார்க்கக் கிடைத்தது. பிள்ளைகளை உட்கார வைத்து, இரவு சாப்பாடு முடிந்த பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தோம். இப்போதைய சரித்திரத் தொடர்களின் மினுமினுப்பு அதில் கிடையாது. பெரிய சேனை என்று காட்டுவார்கள், எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். "அம்மா, இந்த ஆள் முன்னாடியே செத்துட்டாரே, மறுபடி வர்றாரு" என்று என் பையன் கண்டுபிடித்துச் சிரித்தான். ஆனால் நாலாவது பகுதிக்கு மேல் சிரிப்பு நின்று போனது. "அடுத்தது போடும்மா" என்று அவனே கேட்க ஆரம்பித்தான். அரண்மனைக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேசுவதையே யுத்தம் மாதிரி விறுவிறுப்பாக எடுத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொடர் வரும்போதே பெரிய எதிர்ப்பும் வந்தது. கோர்ட்டு, கேஸ் என்று போய், கடைசியில் இது கற்பனைக் கதை என்று அறிவிப்புப் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். திப்புவை வெள்ளைக்காரனை எதிர்த்த வீரனாக நினைப்பவர்கள் உண்டு. குடகு, மலபார் பக்கத்து மக்களிடம் கேட்டால் அவர் படையெடுப்பால் தங்கள் முன்னோர் பட்ட துன்பத்தைச் சொல்வார்கள். இரண்டும் சரித்திரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் இரண்டையும் சொன்னேன். தொடர் என்பது கதை, பாடப்புத்தகம் இல்லை என்று தெரிந்து பார்த்தால் ரசிப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தோன்றியது. சின்ன வயதில் நாங்கள் வாளைத்தான் பார்த்தோம். இப்போது என் கண் வேறு பக்கம் போகிறது. அந்த வாளுக்குப் பின்னால் இருந்த பெண்களும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள்? வயசும் குடும்பமும் வந்த பிறகு இப்படித்தான் பார்க்கத் தோன்றுமோ என்னவோ.

1792-ல் நடந்ததைப் பாருங்கள். மூன்றாவது மைசூர் யுத்தத்தில் திப்பு தோற்றார். பாதி ராஜ்யத்தைக் கொடுக்க வேண்டும், மூன்று கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உடன்படிக்கை. அது தீரும் வரை பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். ஒருவனுக்குப் பத்து வயசு, இன்னொருவனுக்கு எட்டு வயசு. காரன்வாலிஸ் கையில் ஒப்படைத்தார்கள். நம் சென்னைக்குத்தான் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். 1794-ல்தான் திரும்பிப் போனார்கள். அந்தப் பிள்ளைகளை ஒப்படைத்த காட்சியை இங்கிலீஷ்காரர்கள் பெரிய பெரிய ஓவியமாக வரைந்து பெருமைப்பட்டுக் கொண்டார்கள். ஸ்கூல் டூருக்கு இரண்டு நாள் அனுப்பினாலே நமக்குத் தூக்கம் வராது. எட்டு வயசுப் பிள்ளையை எதிரி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தத் தாய் இரண்டு வருஷம் எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள்?

1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டைக்குள்ளேயே சண்டையிட்டு இறந்தார். தொடர்கள் எல்லாம் அங்கேதான் முடியும். ஆனால் வேலூர்க்காரர்களுக்கு அங்கேதான் கதை ஆரம்பம். திப்புவின் பிள்ளைகளையும், அந்தக் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான பெண்களையும் எங்கள் ஊர்க் கோட்டையில்தான் கொண்டு வந்து காவலில் வைத்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்களுக்கு அதுதான் காரணம். வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் சகோதரிகள் பலர் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த மஹால்கள் எதற்கு வந்தன என்று தெரியாமலே போய்விடுவார்கள்.

1806 ஜூலை 9-ந் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்கு அந்தக் கோட்டையில் கல்யாணம். அடுத்த நாள் விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்து விட்டார்கள். புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும், தாடியை எடுக்க வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது என்று போட்ட உத்தரவுதான் அவர்களைக் கொதிக்க வைத்தது. கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டில் இருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே எல்லாவற்றையும் அடக்கி விட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். 1857 சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முந்தியது எங்கள் ஊர்ப் புரட்சி. அதன் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி விட்டார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணின் மனசு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகத்தின் சமாதி இன்னும் வேலூரில் இருக்கிறது. கோட்டையில் இருந்து ரொம்ப தூரம் இல்லை. பாயம்மா சொல்லித்தான் அம்மாவுக்கு அது தெரியும். அக்காவை ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டினார்களாம். "டிவில வர்ற ராணிங்க எல்லாம் இங்கதாண்டி தூங்குறாங்க" என்று சொன்னார்களாம். நான் என் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அதே வார்த்தையைச் சொன்னேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் தர்கா இருக்கிறது. அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால்தான் 'திப்பு' என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். மைசூர்ப் புலி என்று உலகமே சொல்லும் ஒருவருக்குப் பெயர் நம் ஆற்காட்டில் இருந்து போயிருக்கிறது! நம் வீரமங்கை வேலு நாச்சியாருக்குப் படை கொடுத்து உதவியது திப்புவின் அப்பா ஹைதர் அலிதான். 1772-ல் கணவரைப் பறிகொடுத்த நாச்சியார் விருப்பாச்சியிலும் திண்டுக்கல்லிலும் இருந்து, காத்திருந்து, 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார். அதே 1780-ல் செப்டம்பர் மாதம் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் இங்கிலீஷ் படையைத் தோற்கடித்தார்கள். இரும்புக் குழாய் வைத்த ராக்கெட்டுகளை மைசூர்ப் படை வைத்திருந்தது. அந்த ராக்கெட்டைப் பார்த்துத்தான் பின்னால் இங்கிலாந்திலும் செய்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் தரியா தௌலத் பாக் அரண்மனைச் சுவரில் புள்ளலூர்ச் சண்டையைப் பெரிய ஓவியமாகப் பார்க்கலாம்.

இதெல்லாம் சரித்திரம். தொடருக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது சகோதரிகளே. நான் இந்தக் கடிதம் எழுத உண்மையான காரணம் அதுதான்.

1989 பிப்ரவரி 8. மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் இந்தத் தொடரின் ஷூட்டிங் நடந்தது. அங்கே தீப்பிடித்தது. 62 பேர் செத்தார்கள். சஞ்சய் கான் உடம்பெல்லாம் வெந்து, 13 மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பி அக்பர் கான் டைரக்ஷன் பொறுப்பை எடுத்துக் கொண்டார். உடம்பு தேறி வந்து, அத்தனை தழும்போடு அவர் திரும்பவும் திப்புவாக நடித்ததை எல்லோரும் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். எழுந்து நின்றதே பெரிய விஷயம்.

ஆனால் அந்த 62 பேர்? துணை நடிகர்கள், விளக்குப் பிடித்தவர்கள், ஜோடனை செய்தவர்கள் என்று அன்றாடக் கூலிக்கு வேலைக்குப் போனவர்கள் அதில் எத்தனையோ பேர். காலையில் "சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இறந்தவர்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நஷ்டஈடு வெறும் ஐயாயிரம் ரூபாய் என்று படித்தபோது செல்போனைக் கீழே வைத்துவிட்டேன். என் பையன் சிரித்தானே, ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார் என்று, அந்த மாதிரிக் கூட்டத்தில் நிற்கிறவர்கள்தான் அவர்கள். பையனுக்கு இதைச் சொன்னேன். அதன் பிறகு அவன் அந்தச் சிரிப்புச் சிரிக்கவில்லை.

எப்படிப் பிடித்தது அந்தத் தீ? எதிரொலி வராமல் இருக்க, சுவர் முழுக்கச் சணல் சாக்குகளை மாட்டியிருந்தார்களாம். ஒயர் இணைப்புகள் லூசாக இருந்ததாம். காற்றுப் போக சரியான வழி இல்லை. பெரிய பெரிய விளக்குகளின் சூடு வேறு. தீயணைக்கும் கருவி இல்லாமல் மணலும் தண்ணீரும்தான் இருந்ததாம். என் வீட்டுக்காரர் ஒயரிங் வேலை பார்க்கிறவர். இதைச் சொன்னதும், "சாக்கு, சூடு, லூஸ் கனெக்ஷன். மூணும் ஒரே இடத்தில இருந்தா அது கொட்டகை இல்ல, அடுப்பு" என்றார்.

2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் இருந்து கிளம்பிய தீ, பந்தல் கூரையில் பற்றியது. மாப்பிள்ளையோடு சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. நடுவில் 15 வருஷம். மைசூர் ஸ்டூடியோ நமக்கு ஒரு பாடம் சொல்லியிருந்தது, நாம்தான் கேட்டுக் கொள்ளவில்லை.

அதனால் என் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், எந்தத் தியேட்டருக்குப் போனாலும், உட்காரும் முன்பு வெளியே போக எத்தனை வழி, அதில் எது பூட்டியிருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துவிட்டு வர வேண்டும். பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் மேனேஜரிடம் போய்த் திறக்கச் சொல்வேன். போன வருஷம் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பின்கதவைச் சாப்பாட்டு மேஜை போட்டு அடைத்திருந்தார்கள். நான் போய்ச் சொன்னதும், "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாதே" என்று ஒரு பெரியம்மா கோபித்துக் கொண்டார். மேஜையை நகர்த்திய பிறகுதான் நான் பந்தியில் உட்கார்ந்தேன். அபசகுனம் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும். நம் வீட்டு விசேஷத்தில் பெண்கள்தானே முன்னால் நிற்கிறோம்? பந்தல்காரர், சீரியல் செட் போடுபவர், வீடியோகாரர் எல்லோரிடமும் ஒரு வார்த்தை நாம் கேட்கலாம். தப்பே இல்லை.

பாயம்மா இப்போது இல்லை. ஆனால் அந்தத் தொடரின் பின்னணி இசை எங்காவது கேட்டால் எனக்குத் திப்புவின் வாள் ஞாபகம் வருவதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டால் கண் துடைக்கும் அவர்கள் முகம்தான் வருகிறது. நல்ல தொடர் என்பது அப்படித்தான். கூடப் பார்த்தவர்களையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்துவிடும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தத் தொடரை ஒரு முறை பாருங்கள். கதாநாயகனை ரசியுங்கள், தப்பில்லை. கூடவே கூட்டத்தில் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறவர்களையும் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் வந்தால் கோட்டைக்குள் அந்த மஹால்கள் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தெருவிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பாரே? என்ன தொடர், எப்படிச் சொன்னார் என்று நீங்களும் எழுதுங்களேன். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் வாசகி